மஞ்சள் கோட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்

1

வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பார்த்து நான் கத்திவிட்டேன் என்று என் மகள் மலர் கோபித்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். முசிறியில் இருக்கும் உங்களுக்கு இந்தச் செய்தி எப்படியும் என் தம்பி வாயாக வந்து சேரும். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கத்தியது உண்மைதான். இன்னொரு தடவை அதே பேச்சு வந்தால் இன்னொரு தடவை கத்துவேன்.

மலர் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்குக் கூடப் படிக்கும் குமாரையும் ஷாந்தியையும் அழைத்து வந்திருந்தாள். கேமரன் மலையின் குளிரையும் தேயிலைக் காட்டையும் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த வெயிலுக்கெல்லாம் ஈடாக இந்த மலையில் குளிர் அனுபவித்துவிட்டேன். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வடை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் பேச்சு கார்ட்டூனுக்குத் திரும்பியது. இந்த நாட்டு டிவியில் வெகு காலமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆங்கிலக் கார்ட்டூன் அது. நீண்ட மூக்குள்ள ஒரு தபால்காரர், ஊசிபோல மெலிந்த அவர் மனைவி, வாயாடிப் பெண் ஒருத்தி. ரயில் நிலையத்தை ஒட்டி வீடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதற்கு ‘மூக்கன் குடும்பம்’ என்று பெயர். கறுப்பு வெள்ளை டிவி காலத்தில் தொடங்கியது, கலர் வந்த பிறகும் நிற்கவில்லை.

“மஞ்சக்கோட்டு வர்ற எபிசோட்தான் பெஸ்ட்லா,” என்றான் குமார்.

“அந்தத் தொப்பிக்காரன் ரெண்டாவது வாட்டி வருவான் பாரு, தொப்பிய மாத்திக்கிட்டு. ஊரையே பூசணிக்காய கும்பிட வைப்பானே, அதுதான் பெஸ்ட்,” என்றாள் ஷாந்தி.

மலர் விளக்கம் சொன்னாள். “ஒவ்வொரு வாட்டியும் அதே ஆளுதான். தொப்பி மட்டும் வேற. ஊருக்கு ஞாபகமே இருக்காது. அதான் கிண்டலே. சாமியார்க் கூட்டத்த இதவிட நல்லா யாரும் கிண்டல் பண்ணதில்ல.”

“ஆனா ஓவர்லா,” என்று குமார் சிரித்தான். “நெசத்துல எவனாவது அவ்ளோ முட்டாளா இருப்பானா?”

நான் கரண்டியோடு வெளியே வந்தேன்.

“இருப்பாங்க. மூணு வீடு தள்ளி இருக்கா. நீ வாயில வச்சிருக்கிற வடையில கெடக்கிற கீர அவ தோட்டத்துது. அவ முட்டாளு இல்ல. இந்த லயத்துலேயே வெவரமானவ அவதான். ஒன்னும் தெரியாம இங்க ஒக்காந்து சிரிக்காத!”

“அம்மா! அது கார்ட்டூன்மா,” என்றாள் மலர். அப்புறம் மலாயில் ஏதோ முணுமுணுத்தாள். வெட்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் என்மேல் கோபம் வந்தால் அவள் மலாய்க்குப் போய்விடுகிறாள். அம்மா பின்னால் வர முடியாத இடம் எது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிகிறது.

அதற்கு மேல்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே முறையாக எழுதுகிறேன். அவர்கள் முழுதாகக் கேட்காமல் போய்விட்டார்கள்.

2

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது லயத்தில் டிவி கிடையாது. என் கணவருக்குத் தேயிலை ஆலையில் வேலை. எனக்கு ஆயாக் கொட்டாயில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பிற்பாடு லயத்து மண்டபத்துக்கு ஒரு டிவி வந்தது. மேட்டில் மூங்கில் கழி நட்டு ஏரியல் கட்டினார்கள். காற்றடித்தால் மூக்கன் இரண்டாகத் தெரிவான்.

படத்தில் பேச்சு ஆங்கிலம், கீழே எழுத்து மலாய். மண்டபத்தில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியாது. எனக்கு இந்த நாட்டின் சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது, ஐ.சி. என்பார்கள். குடியுரிமைக்கு மலாயில் கேள்வி கேட்பார்கள், அங்கே போய் உட்கார்ந்து உளறிவிட்டுத் திரும்பியவள் நான். சின்னப் பெண்ணாக இருந்த மலர் முன்வரிசையில் நின்று எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வாள். படம் முடிந்த பிறகுதான் உண்மையான கச்சேரி தொடங்கும். டிவியை அணைத்துவிட்டு ஆளாளுக்கு வழக்காடுவார்கள்.

மஞ்சள் கோட்டுக் கதை முதன்முதலில் வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உயரத் தொப்பி வைத்த ஒருவன் ஊருக்கு வருகிறான். சொர்க்கத்துக்குப் போகும் கடைசி ரயில் வரப்போகிறது, மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டவர்களுக்கு மட்டும்தான் இடம் என்கிறான். மூக்கன் கோட்டை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். பெண்டாட்டியிடம் பேசக்கூடாது, பிள்ளையைத் தொடக்கூடாது. கடைசியில் சரக்கு ரயில் வந்து எல்லார்மேலும் கரியைக் கொட்டிவிட்டுப் போகிறது. தொப்பிக்காரன் பின்பக்கமாக நழுவிவிடுகிறான்.

“இது வெள்ளைக்காரன் அவன் பாதிரிமார கிண்டல் பண்றது. நமக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல,” என்றார் கிராணி. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுபவர். அவர் சொன்னால் பாதி மண்டபம் தலையாட்டும்.

“அது எப்படி கிராணியாரே?” என்று கேட்டான் முனியாண்டி. காய்கறி லோரி ஓட்டுபவன். “நம்ம ஆளுக்குக் கோட்டு இல்ல, துண்டு. அவ்ளோதான்லா வித்தியாசம்.”

சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளைப்போல் வயிறு குலுங்கச் சிரிக்கிறவளை நான் கண்டதில்லை. கொழுந்து பறிப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. சிரித்து முடித்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“எல்லாரும் மூக்கனப் பாத்தே சிரிக்கிறோமே. அந்தத் தொப்பிக்காரன பாத்து ஒருத்தரும் ஏன் சிரிக்க மாட்டேங்கிறோம்?”

அவளைத்தான் குமார் முட்டாள் என்றான்.

3

முசிறிக்காரர்களே, நீங்களும் இதைப் படித்துவிட்டு மலேசியாக்காரர்கள் இப்படி என்று தலையை ஆட்ட வேண்டாம். உங்கள் ஊரிலும் இப்போது டிவி வந்துவிட்டதாம், நீங்களும் எதையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். என் பெரியப்பாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காவிரிக் கரையில் வந்து உட்கார்ந்த ஒரு சாமியாரின் பின்னால், ஒரு நாள் காலையில் கட்டின வேட்டியோடு போனவர். நம் தெருவே கரைக்குப் போய் அவர் காலில் விழுந்தது. எவ்வளவு பெரிய துறவு என்று வியந்தது. பெரியம்மா மட்டும் படித்துறையில் நின்று, “எம் புள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா?” என்று கேட்டாள். பாவி, தடுக்கிறாளே என்று அவளைத்தான் ஏசினீர்கள்.

அங்கே விழுந்து கும்பிட்டீர்கள். இங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு இடத்திலும் ஒருத்தி தனியாக நின்றாள். இரண்டையும் பார்த்தவள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

4

சரோஜா பின்னால் போன அந்த மனிதர் பக்கத்துக் கோலா தெர்லாவுக்கு வந்தது, டிவியில் தொப்பிக்காரன் இரண்டாம் முறை வந்து மூக்கன் பூசணிக்காயைக் கும்பிட்ட சமயம். வடக்கே போகும் சாலையில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய கொட்டகையைப் பிடித்துக்கொண்டார். அவரை எல்லாரும் ஐயா என்றார்கள். அவரோடு சேர்ந்தவர்கள் வெள்ளைத் துணி உடுத்தினார்கள், சாயங்காலம் ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

சரோஜா ஏன் போனாள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவள் கணவன் மாணிக்கம் சம்சு குடிப்பான். இந்த ஊரின் நாட்டுச் சாராயம் அது, குடலை அறுத்துவிடும். எஸ்டேட் மானேஜரான துரையிடம் முறையிட்டாள், வேலை வாங்கும் தண்டலிடம் சொன்னாள், கோவிலில் சத்தியம் வாங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஐயாவின் கொட்டகைக்குப் போய் வந்த பிறகு மாணிக்கம் குடிக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தான், மகள் கலாவுக்குத் தலை பின்னிவிட்டான். என் கண்ணால் பார்த்தேன்.

“யாராலயும் முடியாதத அவரு செஞ்சாருக்கா,” என்றாள் சரோஜா. “அவரு சொல்றத நான் கேக்காம வேற யாரு சொல்றதக் கேக்க?”

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டிவி பார்க்கக்கூடாது. வெளியார் வீட்டில் சாப்பிடக்கூடாது. விளக்கைச் சேராதவர்களோடு அவசியமில்லாமல் பேசக்கூடாது. கடைசியாக, மாத்திரை கூடாது. அது ரத்தத்தை அழுக்காக்கும் என்றார்.

கலாவுக்கு வலிப்பு உண்டு. கைக்குழந்தையாக ஆயாக் கொட்டாயில் என் மடியில்தான் முதல் தடவை வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டதால் பள்ளிக்கூடம் போகிற பெண்ணாக நன்றாகத்தான் இருந்தாள். சரோஜா அதை நிறுத்தினாள். நான் அவள் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன், திட்டினேன். அவள் கதவைச் சாத்தவில்லை. விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

5

அதோடு நின்றிருந்தால் நான் எப்படியாவது அவள் மனதை மாற்றியிருப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. மண்டபம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஒரு மாலை மஞ்சள் கோட்டுக் கதையை மறுபடி போட்டார்கள். கலா அம்மாவுக்குத் தெரியாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சரோஜா வெள்ளைச் சேலையோடு மகளைத் தேடி வந்து வாசலில் நின்றாள். திரையில் மூக்கன் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரம்.

“டோய், மஞ்சக்கோட்டு வந்துருச்சு டோய்!” என்று யாரோ கூவினார்கள்.

“ரயிலு எத்தன மணிக்கு சரோஜாக்கா?”

“கோலா தெர்லாவுல நிக்குமா, நேரா சொர்க்கமா?”

மண்டபம் அதிர்ந்தது. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் சரோஜா. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

“யே, போடுலா! முடியப் போகுது!”

“இத்தன நாளா இதத்தானே பேசுறீங்க? தொப்பிக்காரன் ஏமாத்துறான், ஊரு ஏமாறுதுன்னு? இப்ப நம்ம ஊருக்கே வந்துருக்கான். அந்தப் புள்ளைக்கு மாத்திரைய நிறுத்திட்டாங்க. யாராவது ஒருத்தர் அங்க போயி அவன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“அது அவங்க நம்பிக்கை,” என்றார் கிராணி. “நாம தலையிடக்கூடாது.”

“சிரிக்கலாம், தலையிடக்கூடாதா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ டிவியை மறுபடி போட்டார்கள். மூக்கன்மேல் கரி கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிட்டபோது சரோஜா இல்லை. துணிமணிகளைக் கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஐயாவின் கொட்டகைக்கே குடிபோய்விட்டாள்.

6

மாணிக்கம் மட்டும் வேலைக்காக லயத்தில் இருந்தான். சில வாரம் கழித்து ஒரு காலையில் ஆயாக் கொட்டாய் வாசலில் வந்து நின்றான். வெள்ளை வேட்டியெல்லாம் சேறு.

“அக்கா, புள்ளைக்கு விடாம இழுக்குது. ஒளி எறங்குதுன்னு ஐயா சொல்லிட்டு வேனெடுத்துக்கிட்டு கீழ போயிட்டாரு. எனக்குப் பயமா இருக்குக்கா.”

குழந்தைகளைக் கூட வேலை செய்யும் ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். முனியாண்டி அப்போதுதான் லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பாதி ஏற்றியதோடு கிளப்பினான்.

கொட்டகையில் கலா பாயில் கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. சுற்றிலும் வெள்ளைத் துணிக்காரர்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்:

“சிரிக்க வந்தியாக்கா?”

“புள்ளையப் பாக்க வந்தேன்.”

“ஐயா வரட்டும்.”

“அவன் வரமாட்டான்டி! புள்ள இப்படிக் கெடக்கையில வேனெடுத்துக்கிட்டுப் போனவன் வருவானா?”

அவள் அசையவில்லை. மாணிக்கம் வளையத்தைத் தாண்டிக் குனிந்து மகளைத் தூக்கினான். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். முனியாண்டி லோரியின் இரும்புக் கம்பியோடு வாசலில் நின்றான். அவர்கள் பிடியை விட்டார்கள். சரோஜாவின் மடி வெறுமையாக இருந்தது. அவள் கை அப்படியே விரிந்து இருந்தது. கூட வரவில்லை.

தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே ஆம்புலன்சில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கௌண்டரில் ஒரு குமாஸ்தா. பிறப்புப் பத்திரம் எங்கே, அம்மா எங்கே, நீ யார் என்று மலாயில் அடுக்கினான். மாணிக்கம் என்னைப் பார்த்தான். நான் பேசினேன். மலாயில் வலிப்புக்குப் பெயர் ‘சாவான்’. எந்தத் தமிழச்சிக்கு அந்தச் சொல் வாயில் வரும்? கண்ணெதிரில் பிள்ளை கிடக்கும்போது என் நாக்கு கூசியது. கடைசி எழுத்தை விழுங்கி, பிள்ளைக்கு ‘சாவா’ என்று சொல்லிவிட்டேன். மலாயில் அதற்கு வயல் என்று அர்த்தம்.

“சாவா?” என்று திருப்பிக் கேட்டான் அவன். “எத்தனை ஏக்கர்?” பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் மலாயில் கேட்ட அந்தச் சொல் என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. கௌண்டர் பலகையை ஓங்கி அறைந்தேன். அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு மலாய் நர்ஸ் ஓடி வந்தாள். பத்திரம் எதுவும் கேட்கவில்லை. கலாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

கலா பிழைத்தாள். ஆனால் வலது கை இன்றைக்கும் நிமிராது. பேச்சு தேடித் தேடித்தான் வரும்.

சரோஜா சில நாள் கழித்துத் தனியாக பஸ் பிடித்து வந்தாள். அதே வெள்ளைச் சேலை. கட்டிலருகே நின்றாள். கலா அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. எனக்கு சரோஜாவை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கொண்டுபோயிருந்த சோற்றைப் பிசைந்து அவள் கையில் வைத்தேன். அதையும் கோபத்தோடுதான் செய்தேன். அவள் நின்றபடியே தின்றாள்.

7

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த ஆள் பிடிபடவில்லை. வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பதாகக் கேள்வி. மாணிக்கம் மறுபடி குடிக்கிறான். அதையும் மறைக்கப் போவதில்லை.

அப்போது போலீசில் எழுதி வைக்க வேண்டும் என்று நான் நின்றேன். மண்டபத்துக்காரர்களிடம் போனேன். கொட்டகையில் நடப்பதைப் பற்றி வாரா வாரம் பேசியவர்கள், சாட்சி என்றதும் வேலை இருக்கிறது என்றார்கள். கிராணி, “துரைக்குத் தெரிஞ்சா சுசா,” என்றார். சிக்கலாம். என் கணவரே தயங்கினார்.

“நீ செவப்பு ஐ.சி.க்காரி. ஏதாச்சும் ஆச்சுன்னா ஊருக்கு அனுப்பிருவான்.”

“அனுப்பட்டும். அங்க போயி முசிறிக்காரங்களையும் நாலு கேள்வி கேக்கிறேன்.”

முனியாண்டி மட்டும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். மாணிக்கமும் வந்தான். ஸ்டேஷனில் வயதான ஒரு கார்ப்பரல் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார். நீ சொந்தமில்லை, அப்பா பேசட்டும் என்றார். மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான். எவ்வளவு உலுக்கியும் ஒரு சொல் வரவில்லை.

கொட்டகைக்காரர்கள் கூட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஐயாவின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவர் வீட்டில் விளக்கு அணையும். கூட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்தப் பயம் மாணிக்கத்தை விடவில்லை.

திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது சரோஜா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு லயத்துக்கே திரும்பி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கொழுந்துக் காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். காலில் பூட்ஸ், தலையில் கட்டின துண்டு, இடுப்பில் சாக்குத் துணி. யார் சொல்லி வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“நான்தான் அம்மா,” என்றாள் கார்ப்பரலிடம். மலாயில்தான் சொன்னாள், எங்கள் லயத்து மலாயில். “மாத்திரைய நிறுத்துனது நானு. நிறுத்தச் சொன்னது அந்த ஆளு. ரெண்டையும் எழுதுங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். நிதானமாக எழுதிக்கொண்டே வந்து, அந்த ஆளின் பெயர் என்ன என்று கேட்டார்.

சரோஜாவின் உதடு அசைந்தது. மாணிக்கம் அவள் கையைப் பிடித்தான். வேண்டாம் என்பதுபோல் அழுத்தினான். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பெயரைச் சொன்னாள். அந்த ஆளின் அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

கார்ப்பரலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அவர் தப்பாக எழுதி, எழுத்துக் கூட்டச் சொன்னார். அவள் குரலை உயர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக, பின்னால் பெஞ்சில் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். அவர் எழுதி முடித்துத் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவளாகவே இன்னொரு தடவை சொன்னாள்.